பல்லில் ஒட்டிய நீலம்

ஒரு பெண்ணின் பற்காரையைப் பற்றி இலக்கியப் பத்திரிகையில் என்ன பேச்சு என்று நண்பர்கள் கேட்கக்கூடும். பேச இருக்கிறது. ஜெர்மனியின் வெஸ்ட்பாலியாப் பகுதியில் டால்ஹைம் என்றொரு இடம். இடைக்காலத்தில் அங்கே கன்னிகாஸ்திரீகளின் சின்ன மடம் ஒன்று இருந்தது. அதன் இடுகாட்டில் கிடைத்தது ஒரு பெண்ணின் எலும்புக்கூடு. கரிமக் கணக்குப்படி அவள் காலம் கி.பி. 997-க்கும் 1162-க்கும் இடையில். சாகும்போது வயது 45-லிருந்து 60-க்குள். பேர் தெரியாது. 2014-இல் அவள் பல்லில் இறுகிக் கிடந்த காரையைக் கரைத்துப் பார்த்தார்கள். என்ன சாப்பிட்டாள், எந்தத் தானியம் என்று கண்டுபிடிப்பதுதான் நோக்கம். மாவுச்சத்துத் துணுக்குகளைத் தேடிக்கொண்டிருந்த நுண்ணோக்கியில் பளிச்சென்று நீலம் தெரிந்தது. ஒன்றிரண்டல்ல, நூற்றுக்கணக்கான நீலத் துகள்கள்.

ஐந்தாண்டு கழித்து, 2019 ஜனவரியில், அனிதா ராடினி, கிறிஸ்டினா வாரினர், ஆலிசன் பீச் உள்ளிட்ட ஒரு குழு 'சயின்ஸ் அட்வான்சஸ்' இதழில் முடிவை வெளியிட்டது. அந்த நீலம் லாபிஸ் லாசுலி என்ற கல்லின் தூள். ஆப்கானிஸ்தானத்தின் படக்ஷான் மலைகளில் வெட்டியெடுக்கப்பட்டு, கை மாறிக் கை மாறி ஆயிரக்கணக்கான மைல் கடந்து போய்ச் சேர்ந்த கல். அன்றைய ஐரோப்பாவில் ஆகச் சிறந்த சுவடிகளுக்கென்று ஒதுக்கிவைக்கப்பட்ட வண்ணம். அது இந்தப் பேரில்லாதவளின் வாய்க்குள் எப்படிப் போனது?

இதற்குப் பதில் தேடுவதற்கு முன் ஒரு சொந்தச் சங்கதி. முதுகலையில் எங்களுக்குச் சுவடியியல் என்று ஒரு தாள் உண்டு. பாடபேதம், ஏடு பெயர்த்தெழுதுபவரின் பிழை, இடைச்செருகல் எல்லாம் சொல்லித்தந்தார்கள். மையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. காரணம் இருந்திருக்கலாம். நம் ஓலையில் எழுத்து என்பது எழுத்தாணியின் கீறல். கரியைப் பிறகுதான் தடவுகிறோம், கண்ணுக்குத் தெரியவேண்டுமே என்று. பின்னால் கோட்பாட்டுப் பக்கம் வந்து, நாமும் 'பிரதி', 'பிரதி' என்று எழுதிக் குவித்தோம். ஆசிரியனுக்குக் கருமாதியும் நடத்தி முடித்தாயிற்று. ஆனால் அந்தப் பிரதி எந்தப் பொருளால் ஆனது, அதை அரைத்தது யார், கரைத்தது யார், யார் நுரையீரலுக்குள் அதன் தூசி போனது என்கிற கேள்விகளைப் பொருள்முதல்வாதம் பேசிய நாமே கேட்கவில்லை. பிரதியின் பொருண்மை என்று சொல்லிவிட்டு, மறுபடியும் சொல்லுக்குள்தான் புகுந்துகொண்டோம்.

ஐரோப்பிய இடைக்காலச் சுவடியில் மை தோலின்மேல் உட்கார்ந்திருக்கிறது. மை போனால் எழுத்தும் போச்சு. அந்த மையைச் செய்த சரக்கு நம் நாட்டுமருந்துக் கடைக்காரருக்குப் புதிதில்லை: மாசிக்காய், அன்னபேதி, கருவேலம்பிசின் போன்ற ஒரு பிசின். மாசிக்காயின் துவர்ப்பும் அன்னபேதியின் இரும்பும் சேர்ந்தால் முதலில் வெளிறிய நிறம். காற்றுப் படப்படக் கருக்கும். கருத்ததோடு நிற்காமல், சில நூற்றாண்டுகளில் தான் உட்கார்ந்திருக்கும் தாளையே அரித்துத் தின்னவும் செய்யும். இரும்பு இருப்பதால் ஊடுகதிர் பாய்ச்சி அதைப் பிடித்துவிடலாம். சுரண்டி அழித்த எழுத்தையும்தான். ஆர்க்கிமிடீஸின் ஆக்கங்களைத் தாங்கிய பத்தாம் நூற்றாண்டுத் தோலேடு ஒன்றைச் சுரண்டி, 1229-இல் அதன்மேல் ஜெபப் புத்தகம் எழுதினார்கள். இருபதாம் நூற்றாண்டில் எவனோ விலை ஏற்றுவதற்காக அதே ஏட்டின் சில பக்கங்களில் பழங்காலப் பாணிப் படங்களை வரைந்துவைத்தான். அதில் பூசிய ஒரு பச்சை 1938-க்கு முன் கடையிலேயே கிடையாது. அதை வைத்தே படத்தின் குட்டு உடைந்தது. 2005-இல் கலிபோர்னியாவின் ஸ்டான்போர்டில் ஊடுகதிரைச் செலுத்தி, படத்துக்கும் ஜெபத்துக்கும் அடியில் மிஞ்சியிருந்த இரும்புத் தடத்தை வாசித்தார்கள்.

இதைக் கேட்டதும் 'அறிவியல் நிரூபித்துவிட்டது' என்று கைதட்டத் தோன்றும். கொஞ்சம் பொறுக்கலாம். ஆய்வுக்கூடத்துக்கும் ஆசைகள் உண்டு. அல்லது ஆசைகள் ஆய்வுக்கூடத்தின் கதவைத் தட்டுகின்றன.

வின்லாந்து வரைபடத்தின் கதையைப் பாருங்கள். 1957-இல் ஐரோப்பியச் சந்தையில் தலைகாட்டிய ஒரு தோல் வரைபடம். கிரீன்லாந்துக்கு மேற்கே வின்லாந்து என்று ஒரு தீவைக் காட்டியது. கொலம்பஸுக்கு முன்பே ஐரோப்பியர் கையில் அமெரிக்கா வரைபடமாக இருந்தது என்று அர்த்தம். யேல் பல்கலைக்கழகம் 1965 அக்டோபரில், சரியாகக் கொலம்பஸ் தினத்துக்கு முந்தின நாள், இதை உலகுக்கு அறிவித்தது. இத்தாலிய வம்சாவளி அமெரிக்கர்கள் கொதித்தார்கள். ஸ்காண்டிநேவிய வம்சாவளியினர் குளிர்ந்தார்கள். 1974-இல் வால்டர் மக்ரோன், மையின் துணுக்குகளை எடுத்து ஆராய்ந்து, அதில் அனட்டேஸ் என்கிற டைட்டானியச் சேர்மம் இருக்கிறது, 1920-களுக்குப் பக்கத்தில்தான் அது இந்த வடிவில் தயாரிக்கப்பட்டது என்றார். ஆக, போலி. 1980-களில் கலிபோர்னியாவின் டேவிஸில் இன்னொரு குழு துகள்கற்றையைச் செலுத்தி அளந்து, டைட்டானியம் மிகச் சொற்பம், மக்ரோன் சொன்ன அளவுக்கெல்லாம் இல்லை என்றது. ஆக, போலி என்று சொல்லமுடியாது. இதைப் பிடித்துக்கொண்டு யேல் 1995-இல் தன் புத்தகத்தை மறுபதிப்பும் போட்டது. 2002-இல் தோலின் வயது கணக்கிடப்பட்டது: 1434-ஐ ஒட்டி. தோல் அசல். அதே 2002-இல் லண்டனில் மறுபடி மையைப் பார்த்தார்கள், அனட்டேஸ் இருந்தது. கடைசியில் 2021-இல் யேலே வரைபடம் முழுவதையும் ஊடுகதிரால் அலசி, மை நெடுகிலும் டைட்டானியம், இடைக்கால மைக்குரிய இரும்பு காணோம், பின்பக்கத்து லத்தீன் குறிப்பின் மேலும் யாரோ நவீன மையால் திருத்தி எழுதியிருக்கிறார்கள், இது போலி என்று அறிவித்தது. 56 ஆண்டுகள்.

இதில் கவனிக்க வேண்டியது, இரண்டு ஆய்வுக்கூடங்களும் பொய் சொல்லவில்லை என்பது. ஒருவர் துணுக்கைப் பார்த்தார். இன்னொருவர் பரப்பைச் சராசரியாக்கினார். எங்கே தொடுகிறாய், எவ்வளவு எடுக்கிறாய் என்பதில் ஏற்கெனவே ஒரு வாசிப்பு நடந்து முடிந்துவிடுகிறது. கருவி பேசத் தொடங்குவது அதற்கப்புறம்தான். இன்னொன்று. நார்ஸ்காரர்கள் அமெரிக்காவுக்குப் போனது உண்மைதான். நியூபவுண்ட்லாந்தின் லான்ஸ் ஓ மெடோஸில் அவர்கள் குடியிருப்பு 1960-இலேயே கண்டறியப்பட்டது. அங்கே மரம் வெட்டிய ஆண்டு கி.பி. 1021 என்று 2021-இல் கணக்கிட்டும் சொல்லிவிட்டார்கள். சம்பவம் மெய், சாட்சி பொய். இத்தனை சண்டையிலும், கொலம்பஸா வைக்கிங்கா என்று தராசு பிடித்த எவரும், இருவருக்கும் முன்பே அந்த மண்ணில் இருந்தவர்களைத் தட்டில் வைக்கவில்லை. எந்தக் கேள்விக்காக மை பரிசோதிக்கப்படுகிறதோ அந்தக் கேள்வியை யாரும் பரிசோதிப்பதில்லை.

சரி, நீலத்துக்கு வருவோம். லிண்டிஸ்பார்ன் நற்செய்திச் சுவடி எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வடகிழக்கு இங்கிலாந்தின் தீவு மடம் ஒன்றில் உருவானது; இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில். கெல்ஸ் புத்தகம் அதற்குச் சுமார் நூறாண்டு பிந்தியது. டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் இருக்கிறது. இரண்டும் ஐரோப்பியச் சுவடிக்கலையின் கிரீடங்கள். 1960-இல் லிண்டிஸ்பார்ன் சுவடியின் நகற்பதிப்போடு வந்த ஆய்வுத் தொகுதியில் ரூசன்-ருங்கே, வெர்னர் என்ற இருவர், நுண்ணோக்கியில் நிறத்தையும் துகளையும் ஒப்பிட்டுப் பார்த்து, இதில் லாபிஸ் லாசுலி உண்டு என்று எழுதினார்கள். கெல்ஸுக்கும் அதே சொல்லப்பட்டது. அவ்வளவுதான், அடுத்த நாற்பது ஆண்டுகளுக்குப் புத்தகத்துக்குப் புத்தகம் அந்த நீலம் இமயத்தின் அடிவாரத்திலிருந்து வடகடல் தீவுக்குப் பயணம் போனது. மகத்தான புத்தகம், மகத்தான மடம், ஆகவே மகத்தான கல்.

2004-இல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜின் பிரவுன், கிளார்க் இருவரும் ராமன் நிறமாலைமானியால் பார்த்தபோது ஒரு துளி லாபிஸ்கூடக் கிடைக்கவில்லை. நீலம் முழுக்க அவுரிச் சாயம் போன்ற செடிச் சாயம். சில ஆண்டுகளில் டப்ளினிலும் அதே விடை. மஞ்சள் அரிதாரம், சிவப்பு ஈயச் செந்தூரம், பச்சை செம்புக் களிம்பு, நீலம் இலைச் சாயம். கைக்கெட்டிய சரக்கு, அசாத்தியமான கை. என்னைக் கேட்டால் இதில்தான் அந்தக் கலைஞர்களின் பெருமை கூடுகிறது. ஆனால் கல் இருந்ததாகக் கண்ட கண் எது என்று கேட்கவேண்டும். அது திறமையில்லாத கண்ணல்ல. பெருமையை எதிர்பார்த்த கண்.

இங்கே ஆய்வுக்கூடத்தின் எல்லையும் தெரிகிறது. ராமன் கருவி காட்டுவது இண்டிகோட்டின் என்ற மூலக்கூறை. அது ஐரோப்பாவின் வோட் செடியிலும் உண்டு, நம் அவுரியிலும் உண்டு. கருவிக்கு இரண்டும் ஒன்றே. 'வோட்' என்று கட்டுரைகளில் எழுதுவது, அந்தச் செடிதான் அந்தப் பக்கம் விளைந்தது என்ற வரலாற்று அனுமானத்தால். நியாயமான அனுமானம். ஆனால் அது அனுமானம் என்பதைச் சொல்லிவிட்டுப் போவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. கருவி 'இது இல்லை' என்று சொல்லும்போது குரல் உறுதியாக இருக்கிறது. 'இது' என்று சொல்லும்போது பாதி. 'இவர்' என்று அது சொல்வதே இல்லை. 'இவர்' என்று சொல்வது எப்போதும் நாம்தான்.

அந்த 'இவர்' லிண்டிஸ்பார்னில் எங்கிருந்து வந்தார்? பத்தாம் நூற்றாண்டில் ஆல்ட்ரெட் என்ற பாதிரியார் சுவடியின் கடைசியில் ஒரு குறிப்பு எழுதிச் சேர்த்தார். எழுதியவர் ஆயர் ஈட்பிரித், கட்டியவர் எத்தில்வால்ட், பொன்னும் மணியும் பதித்தவர் பில்பிரித், வரிகளுக்கிடையே ஆங்கிலப் பொருள் எழுதியவர் நான் என்று. சுவடி உருவாகி ஏறக்குறைய 250 ஆண்டுக்குப் பிறகு எழுதிய குறிப்பு. சந்தேகம் கேட்டவர்கள் இல்லாமலில்லை. ஆனாலும் ஈட்பிரித்தின் பெயர் இன்றுவரை அந்தச் சுவடியோடு ஒட்டிக்கொண்டுதான் வருகிறது. நான்கு ஆண்கள், 250 ஆண்டு இடைவெளி, போதுமான சாட்சி.

இப்போது டால்ஹைம் பெண்ணுக்கு வாருங்கள். இவளுக்குக் குறிப்பு எழுத ஆல்ட்ரெட் கிடையாது. மடம் பதினான்காம் நூற்றாண்டுச் சண்டையில் தீயில் போயிற்று. புத்தகம் ஒன்றும் மிஞ்சவில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டுக்கு முந்தைய சுவடிகளில் பெண்ணுக்கு உரியவை என்று சொல்லத்தக்கவை நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறாது என்று மதிப்பீடு. கையெழுத்திடாத சுவடி எல்லாம் ஆண் துறவியின் கணக்கில் போய்விடும். பன்னிரண்டாம் நூற்றாண்டில் குடா என்ற பெண், தான் எழுதி வரைந்த பிரசங்கச் சுவடியின் முதலெழுத்துக்குள் தன் உருவத்தையே வரைந்து, பெயரையும் போட்டுவைத்தாள். பெயர் போட்டால்தான் இருந்தாள் என்றாகிறது. போடாதவள்? ஆண் பெயர் போடாமலும் இருக்கலாம்.

ஆய்வுக் குழு அவசரப்படவில்லை என்பதைச் சொல்லியாகவேண்டும். நான்கு வழிகளை எடுத்துவைத்தார்கள். தூரிகை நுனியைக் கூராக்க வாயில் வைத்து நக்கியிருக்கலாம். கல்லை அரைக்கும்போது பறந்த தூசி போயிருக்கலாம். மருந்தாகத் தின்றிருக்கலாம். பக்தியில் சுவடியின் படங்களை முத்தமிட்டிருக்கலாம். பின்னிரண்டுக்கும் அந்தக் காலத்தில், அந்தப் பகுதியில் போதிய ஆதாரமில்லை. முதலிரண்டுமே பொருத்தம் என்றார்கள். நல்ல நீலமா என்பதையும், மலிவான வேறு நீலக் கனிமங்களை ஒவ்வொன்றாகக் கழித்தே உறுதிசெய்தார்கள். கட்டுரை வெளிவருமுன் துறைக்காரர்கள் சிலரிடம் யோசனை கேட்டபோது ஒருவர், அவள் அந்த இடத்தைப் பெருக்கித் துடைத்த வேலைக்காரியாக இருந்திருக்கலாமே என்றாராம். பின்னால் பத்திரிகையில் வந்த செய்தி இது.

அட, அடுத்த வரைக்கும் யோசித்திருக்கிறாரே! கிழக்கின் மலையிலிருந்து வந்த விலைமதிப்பற்ற தூள் ஒரு பெண்ணின் வாய்க்குள் பல காலம் படிந்திருக்கிறது என்றால், முதலில் தோன்றுவது துடைப்பம். லிண்டிஸ்பார்னில் இல்லாத கல்லைக் கண்ட கண்ணும், டால்ஹைமில் இருக்கிற கல்லின் பின்னாலிருக்கும் கையைக் காணாத கண்ணும் ஒன்றுதான். அங்கே மகத்துவம் முன்முடிவு, இங்கே மகத்துவமின்மை. நிறமாலைமானி இரண்டு இடத்திலும் அந்த முன்முடிவைத் தட்டிவிட்டது. அந்த மட்டில் அதற்கு என் வணக்கம்.

ராமன் நிறமாலை என்றதும் 'நம்ம ஆள்' என்று மார்தட்டக் கிளம்பிவிடவேண்டாம். திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் கல்கத்தாவில் 1928-இல் கண்டறிந்த ஒளிச்சிதறல்தான் இந்தப் பல்லின் நீலத்தை அடையாளம் காட்டியது, உண்மை. அதே ராமன் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநராக இருந்த 1933-இல், கமலா பாகவத் என்ற மாணவியின் விண்ணப்பத்தை, பெண் என்பதற்காக நிராகரித்தார். அவர் விடாமல் வாதாடி, ஓராண்டு சோதனைக் காலம் என்ற நிபந்தனையோடு உள்ளே போனார். பின்னாளில் கமலா சோஹோனி என்று அறியப்பட்ட அவர் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் வாங்கினார். கருவி கண்டுபிடித்தவரின் மனசு கருவிக்குள் இருப்பதில்லை. இருந்திருந்தால் அந்தத் துகள்கள் இன்னும் அழுக்காகவே இருந்திருக்கும்.

ஆனால் எனக்கு இன்னொரு பக்கத்தின்மீதும் குறை உண்டு. கட்டுரை வந்த மறுநாளே பத்திரிகைகள் அவளை 'ஓவியர்' ஆக்கிவிட்டன. பெண்ணிய நண்பர்கள் சிலரும் கொண்டாடினார்கள். கொண்டாட்டத்தில் குற்றமில்லை. ஆனால் முதலிரண்டு வழிகளில் இரண்டாவது என்ன ஆயிற்று? அவள் கல்லை அரைத்தவளாக மட்டும் இருந்தால் நமக்கு ஏமாற்றமா? லாபிஸ் லாசுலியை நீலமாக்குவது வெறும் இடிப்பு வேலையல்ல. கல்லில் நீலத்தோடு வேறு கனிமங்களும் கலந்திருக்கும்; அப்படியே அரைத்தால் சாம்பல் பூத்த நீலம்தான் வரும். சுமார் 1400-ஐ ஒட்டி இத்தாலிய ஓவியர் சென்னினோ சென்னினி எழுதிவைத்த கைந்நூல், தூளை மெழுகு, பிசின், எண்ணெயோடு பிசைந்து நாள்கணக்கில் ஊறவைத்து, காரநீரில் அழுத்தி அழுத்தி நீலத்தை மட்டும் இறக்கும் வித்தையை விவரிக்கிறது. போகிறபோக்கில் அவர் சொல்வது: இந்த வேலை ஆண்களைவிட இளம்பெண்களுக்கே சரிவரும், அவர்கள் வீட்டிலேயே இருக்கிறவர்கள், கை மென்மையானது என்று. கிழவிகளிடம் ஜாக்கிரதை என்று ஒரு கூடுதல் புத்திமதி வேறு! டால்ஹைமுக்கு இது முந்நூறு ஆண்டு பிந்திய, வேறு தேசத்துச் சாட்சி; அதை அங்கே நேராகப் பொருத்தமுடியாது. ஆனாலும் வண்ணம் செய்யும் வேலை பெண் கைக்கு என்று ஒரு ஆண் ஓவியரே எழுதிவைத்திருக்கும்போது, நாம் ஏன் அவள் கையில் தூரிகையைத் திணித்தால்தான் திருப்தி அடைகிறோம்?

ஆசிரியனைக் கொன்றுவிட்டோம் என்று சொல்லிக்கொள்ளும் நாம், வாய்ப்புக் கிடைத்ததும் காலியான அந்த நாற்காலியில் ஒரு பெண்ணை உட்கார்த்திவைத்து அதை விடுதலை என்கிறோம். நாற்காலி அப்படியே இருக்கிறது. அரைப்பவள், கரைப்பவள், தோலைப் பதப்படுத்துபவன், மாசிக்காய் பொறுக்குகிறவன் எல்லாம் இன்னமும் தரையில். என் வாதம் அவள் ஓவியர் இல்லை என்பதல்ல. பல்லில் துகள் படிந்திருக்கும் விதத்தைப் பார்த்தால், நுனியை நக்கி நக்கி வரைந்தவள் என்பதே பொருத்தம் என்று வாரினரும் கருதுகிறார், எனக்கும் அப்படித்தான் படுகிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கடிதம் ஒன்றில் ஆண் மடத்துக்காரர் ஒருவர் லிப்போல்ட்ஸ்பெர்க் மடத்துச் சகோதரி ஒருத்தியிடம் உயர்தரச் சுவடி செய்து கேட்டு, தோலும் வண்ணமும் பட்டும் அனுப்புவதாக எழுதியிருப்பதும் இருக்கிறது. சந்தேகத்தின் பலன் ஈட்பிரித்துக்குக் கிடைக்குமானால் இவளுக்கும் கிடைக்கட்டும். நான் கேட்பது, அரைத்தவள் என்ற விடையும் ஒரு முழு விடை என்று ஏற்கும் மனநிலையை.

அந்த மனநிலை வந்தால் நீலத்தின் தடம் டால்ஹைமோடு நிற்காது. படக்ஷானின் கோக்சா பள்ளத்தாக்கில் சர்-இ-சங் சுரங்கங்கள் பல ஆயிரம் ஆண்டுகளாக வெட்டப்பட்டு வருபவை. இடைக்காலத்தில் அந்தப் பாறைக்குள் புகுந்து கல்லெடுத்தவனுக்கு ஜெர்மனியில் ஒரு மடம் இருப்பது தெரிந்திருக்காது. அவன் பேரைப் பற்றிய பேச்சும் இந்த ஆய்வுகளில் இல்லை. 2016-இல் குளோபல் விட்னஸ் அமைப்பு வெளியிட்ட அறிக்கை, அதே பகுதி லாபிஸ் சுரங்கங்களின் வருமானம் ஆயுதக் குழுக்களுக்கும் தாலிபானுக்கும் போவதை விவரித்தது. ஆய்வுக்கூடம் நீலத்தின் பிறப்பிடத்தைச் சொல்கிறது. பிறப்பித்தவனின் கூலியைச் சொல்ல அதற்குக் கருவியில்லை.

டால்ஹைம் எலும்புக்கூட்டின் பல் காரை கழுவப்படாமல் தப்பியது ஒரு தற்செயல். அகழாய்வில் கிடைத்த மண்டையோடுகளின் பற்காரையை அழுக்கு என்று சுரண்டி, பல்லைப் பளிச்சென்று ஆக்கிப் பெட்டியில் எண் போட்டு வைப்பது பல இடங்களில் நெடுங்கால வழக்கமாக இருந்தது.